கொமடோர் 64 (1980களின் வீட்டுக் கணினி): சிவப்பு விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பவர் சப்ளையிலிருந்து. அதைச் சோதிக்கும்வரை கணினியை மறுபடி ஆன் செய்யாதீர்கள். செங்கல் மாதிரி கனக்கும் அந்தப் பெட்டியில் 5 வோல்ட் ரெகுலேட்டரை எபாக்ஸி ஊற்றி மூடியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை. அது கெடும்போது வோல்ட்டேஜ் ஏறிவிடுவது உண்டு. முதலில் பலியாவது ராம் (RAM, தற்காலிக நினைவக) சிப்புகள். அமெரிக்காவில் வாங்கியதென்றால் 120 வோல்ட் சப்ளையாக இருக்கும், அதை 230-இல் செருகக் கூடாது.

பிளக் 7 முள் கொண்ட வட்டமான டின் (DIN) வகை. இரு கோடியிலும் இருப்பவை 6, 7. நட்ட நடுவே 2, அது கிரவுண்டு. அதை ஒட்டி ஒரு பக்கம் 5, மறுபக்கம் எதிலும் சேராத 4. முள் 5-க்கும் 2-க்கும் இடையே டிசி 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கலாம். 6-க்கும் 7-க்கும் இடையே ஏசி 9 வோல்ட். லோடு இல்லாதபோது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். குளிர்ந்த நிலையில் அளந்து திருப்திப்பட்டுவிட வேண்டாம். 5-க்கும் 2-க்கும் குறுக்கே 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைப் போட்டு அரை மணி நேரம் மீட்டரைக் கவனியுங்கள் (ரெசிஸ்டர் நன்றாகக் கொதிக்கும், ஓடு மேல் வையுங்கள்). 5.25-ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தயாரிக்கப்படும் சப்ளை ஒன்றை வாங்குங்கள்.

சிவப்பு விளக்கை நம்பி ஏமாற வேண்டாம். அது 5 வோல்ட்டில் மட்டும் எரிகிறது. 9 வோல்ட் ஏசி போர்டிலுள்ள 1.5 ஆம்ப் ஃப்யூஸ் வழியாகத் தனியாக வருகிறது. அதிலிருந்துதான் 7812, 7805 என்ற ரெகுலேட்டர்கள் வீடியோ சிப்புக்கான 12, 5 வோல்ட்டுகளைத் தருகின்றன. ஃப்யூஸ் போனாலும் விளக்கு எரியும், படம் வராது. ஃப்யூஸைக் கழற்றி மீட்டரில் கன்டினியூட்டி (அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். பிறகு இரண்டு ரெகுலேட்டர்களின் அவுட்புட்டையும் அளந்துவிடுங்கள். (இந்த விவரமெல்லாம் 250407, 250425 என்ற நீளமான போர்டுகளுக்கு. பின்னால் வந்த 250469 குட்டை போர்டின் அமைப்பு வேறு.)

வோல்ட்டேஜ் எல்லாம் சரி என்றால் டிவியைப் பாருங்கள். சிக்னலே இல்லை என்கிறதா, அல்லது சிக்னல் வந்தும் அசையாத கறுப்பா? இரண்டாவது என்றால் வீடியோ சிப்பும் கிளாக்கும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. பிராசசர்தான் வேலையைத் தொடங்கவில்லை. பிராசசரான 6510-இன் 40ஆவது கால்தான் ரீசெட். அதில் வோல்ட்டேஜ் ஆன் செய்ததும் சுமார் அரை நொடி தாழ்ந்திருந்து, பின் 5 வோல்ட்டுக்கு உயர வேண்டும். உயராவிட்டால் ரீசெட் தரும் 556 டைமரைச் சந்தேகியுங்கள்.

ரீசெட் சரியென்றால் முதல் குற்றவாளி போர்டில் யு17 (U17) என்று குறித்திருக்கும் பிஎல்ஏ (PLA), அதாவது எந்த நேரத்தில் எந்தச் சிப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சிப். அது சாதாரணமாகவே சூடாக ஓடும், அதனால் சூட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாற்றிப் பார்ப்பதுதான் வழி. 27சி512 ஈப்ராமில் (EPROM, நாமே எழுதக்கூடிய நினைவகச் சிப்) எழுதிய மாற்று மலிவு. ஆனால் சில போர்டுகளில் தகராறு செய்யும். அடுத்து எட்டு 4164 ராம்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டுத் தொட்டால் மற்றதைவிட ஒன்று மட்டும் சுடுகிறதா? அதை மாற்றுங்கள். சூடு காட்டாமல் சாகும் ராமுக்கு டெட் டெஸ்ட் (Dead Test) என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜ் போடுங்கள். திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதே எந்த சிப் என்று சொல்லிவிடும். கார்ட்ரிட்ஜிலிருந்து ஓடி, அது இல்லாமல் கறுப்பு என்றால் யு4 கெர்னல் ரோமைப் (ROM, கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் உள்ள சிப்) பாருங்கள். இது ராம் அல்ல, நிரந்தர நினைவகம்.

சாலிடர் செய்த சிப்பைக் கழற்றும்போது கால்களை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக உருவுங்கள். சிப் வீணானாலும் தடங்கள் பிழைக்கும். சாக்கெட்டில் இருப்பவற்றை மெதுவாக நெம்பி மறுபடி அழுத்தினாலே சில போர்டுகள் எழுந்துவிடும். சிட் ஒலிச் சிப் சாக்கெட்டில் இருந்தால் எடுத்து வைத்துவிட்டுச் சோதியுங்கள், அது இல்லாமலும் கணினி பூட் ஆகும். விலையுயர்ந்த சிப்பும் தப்பும். கெபாசிட்டர்களை எல்லாம் மாற்றும் வேலையை இப்போது தொடாதீர்கள், கறுப்புத் திரைக்கு அவை அரிதாகவே காரணம்.