இருபதுகளில் தாய்லாந்துக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் வாழ்க்கை எப்படி இருக்கும்?

நான் போனபோது வயது 23. வடகிழக்கே நக்கோன் ராட்சசிமா மாகாணத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. இரண்டு கல்வியாண்டுகள் இருந்தேன். என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் விசா. என்னை அனுப்பிய முகவர், "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்றார். நம்பிப் போனேன். டூரிஸ்ட் விசாவில் வகுப்பெடுப்பது அங்கே சட்டவிரோதம். மூன்று வாரம், பள்ளி வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் வயிற்றைக் கலக்கியது. கடைசியில் ராத்திரி பஸ் பிடித்து எல்லை ஊரான நோங்காய் போய், மீகாங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, லாவோஸ் நாட்டின் வியன்டியானில் வேலைக்கான 'நான்-இமிக்ரன்ட் பி' விசா வாங்கி வந்தேன். அப்புறம்தான் வேலை அனுமதிப் பத்திரம். தயவுசெய்து அந்த விசா கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்பதையும் கேளுங்கள். அங்கே மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை கோடை விடுமுறை. பத்து மாத ஒப்பந்தம் என்றால் அந்த நாட்களுக்குச் சம்பளம் வராது.

காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம். பிறகு வகுப்பு வகுப்பாக ஓட்டம். ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். ஒவ்வொரு வகுப்பையும் வாரத்தில் ஒரு தடவைதான் பார்ப்பேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்சர்" என்று ராகம் போட்டுச் சொல்வார்கள்.

என்னைத் திணறடித்தது உச்சரிப்புதான். 'ஸ்கூல்' என்றால் 'சகூன்' என்பார்கள். 'ஃபுட்பால்' அவர்கள் வாயில் 'ஃபுட்பொன்'. நூறு தடவை சொல்லவைத்தும் மாறவில்லை. நான் சரியாகச் சொல்லித் தரவில்லையோ என்று மனது கனத்துப் போகும்.

மாலை நேரம் அதைவிடக் கனம். நாலரைக்குப் பள்ளி காலியாகிவிடும். அறையில் பேச ஆள் கிடையாது. பொழுதைப் போக்கத்தான் தாய்லாந்து எழுத்து கற்க ஆரம்பித்தேன். மெய்யெழுத்து மட்டும் 44. எழுத்துக்கூட்டி, கண்ணில் பட்ட பலகையை எல்லாம் படிப்பேன்.

ஒருநாள் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தின் பலகை. கடைசி எழுத்து 'ர'. ஆனால் எல்லோரும் சொல்வது 'ஆஹான்'. எழுதியிருப்பது 'ஆஹார்', அதாவது ஆகாரம்! நான் குடியிருந்த ஊரின் 'நக்கோன்'கூட நகரம்தான். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் வரும் ர, ல இரண்டும் 'ன்' ஆகிவிடும். பிள்ளைகள் தப்பே செய்யவில்லை. தங்கள் மொழியின் விதிப்படி ஆங்கிலத்தைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துப் போனேன். முதல் பெஞ்சுச் சிறுமியிடம் கொடுத்து, நாக்கு நுனியை மேல்பல்லின் பின்னால் ஒட்டி, எடுக்காமல் நிறுத்தச் சொன்னேன். கண்ணாடிக்குள் நாக்கையே பார்த்துக்கொண்டு, மூச்சை இழுத்து, "ஸ்கூ...ல்" என்றாள். வந்துவிட்டது! கண்ணாடி வகுப்பு முழுக்கக் கைமாறியது. அன்று ஆங்கிலப் பாடமே நடக்கவில்லை என்று வேறு யாராவது சொல்லலாம். எனக்கு அதுதான் முதல் பாடம். ஆகவே போகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் மாதமே அவர்கள் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' நடக்கும். க்ரூ என்றால் குரு. ஆசிரியரை வணங்கும் நாள். பிள்ளைகள் மண்டியிட்டபடியே நகர்ந்து வந்து பூத்தட்டைக் கையில் தருவார்கள். முதல் வருடம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூச்சத்தில் நெளிந்தேன். இரண்டாம் வருடம் தட்டை உற்றுப் பார்த்தேன். வெட்சிப்பூ, அருகம்புல், கத்தரிப்பூ. கொண்டுவந்தது அதே கண்ணாடிச் சிறுமி. வெட்சிக்குத் தாய்லாந்து மொழியில் ஊசி என்று பெயர், கூர்மையான அறிவுக்காக. அருகம்புல், மிதித்தாலும் பரவும் உறுதிக்காக. இந்த இரண்டும் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. கத்தரிப்பூ எதற்கென்று அவளிடமே ஆங்கிலத்தில் கேட்டேன். பூவைக் காம்போடு தூக்கி, அது தலைகுனிந்து தொங்குவதை விரலால் காட்டி, "லுக் டவுன், டீச்சர்" என்றாள்.