டர்ன்டேபிள் கெடவில்லை, டேப்தான் காரணம்

நண்பரே, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஜாஸ் ஆல்பத்தின் பழைய எல்பி இசைத்தட்டில் முதல் பக்கம் மட்டும் புது மறுவெளியீட்டைவிட ஸ்ருதி தூக்கலாக இருக்கிறது, டர்ன்டேபிள் வேகம் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பெல்ட்டை மாற்றிவிடாதீர்கள்!

கோளாறு 1959 மார்ச் 2 அன்றே வந்தது. ஒலிப்பதிவின்போது முதன்மை டேப் எந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் ஸ்ருதி ஏறத்தானே செய்யும்? அன்று பதிவான மூன்று டிராக்குகள்தான் உங்கள் முதல் பக்கம். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 அன்று பதிவானது, அதில் சிக்கல் இல்லை. அதை இரண்டு தட்டிலும் போட்டுக் கேளுங்கள். ஸ்ருதி ஒத்துப்போனால் டர்ன்டேபிள் நலம்.

கூடவே ஓடிய இன்னொரு எந்திரத்தின் டேப்பை வைத்து 1992-இல்தான் இதைத் திருத்தினார்கள். அதனால் தட்டில் ஒலிக்கும் மைல்ஸ் டேவிஸோடு சேர்ந்து பியானோ வாசித்துப் பழகுகிறவர்களுக்குத் திருத்திய பதிப்புதான் சரி.

அப்புறம், எதில் ஒலி மேல் என்று தீர்மானிக்கும் முன் இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்கிற தட்டுக்கே காது ஓட்டுப் போட்டுவிடும். பிறகு ஜிம்மி காப்பின் சிம்பலையும் பால் சேம்பர்ஸின் பேஸையும் மட்டும் கவனித்தால் போதும்.