எதைப் பழசு வாங்கலாம், எதைப் புதுசு போடணும்? மாருதி கியர் பாக்ஸ் கேள்வி பதில்

மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதன் கியர் பாக்ஸ் பற்றிய சந்தேகங்கள் நிற்கவில்லை. 800, ஆல்டோ இரண்டையும் வைத்திருப்பவர்கள், குறைந்த செலவில் பழைய சாமான் போட்டுச் சரிசெய்வது பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இவை.

ஈரோடு: அண்ணே, பழைய ஆல்டோ. தேர்டுல இருந்து செகண்டுக்கு இறக்கும்போது கர்ருனு கடிக்குது. கியர் பாக்ஸையே மாத்தணும்ங்கிறார் மெக்கானிக். கழட்டாம ஏதாவது பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும். முதலில் கிளட்சை விசாரியுங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடட்டும், பெடலை முழுக்க மிதித்து நாலு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்செய்து கடிக்காமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. அங்கேயும் கடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். கேபிள் இழுவை, பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் நகரும் இடத்தில் துருப்பிடித்த ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டின் வரிப்பற்கள்) என்று பாக்ஸுக்கு வெளியே தேடுங்கள். கியர் பாக்ஸைத் தொட வேண்டாம்.

ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தால் அடுத்த சோதனை. ஓட்டத்தில் தேர்டிலிருந்து நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விடுங்கள், ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுங்கள், மறுபடி கிளட்ச் மிதித்து செகண்ட் போடுங்கள். இப்படிப் போட்டால் வழுக்கிக்கொண்டு விழுகிறது, சாதாரணமாகப் போட்டால் கடிக்கிறது என்றால் செகண்ட் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. ஒரு பித்தளை ரிங்குக்காக முழு பாக்ஸை மாற்றத் தேவையில்லை. ஆனால் கடிக்கக் கடிக்க மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் கியரின் பக்கவாட்டிலுள்ள, கியரைப் பூட்டும் சிறு டாக் பற்களும் மழுங்கியிருக்கும். அப்போது புது ரிங் மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

திருநெல்வேலி: சார், சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியல. நியூட்ரல்ல நின்னாலும் உறுமுது.

பதில்: கிளட்சை மிதியுங்கள். சத்தம் நின்றால் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியை பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்கும் பேரிங்). அது பாக்ஸுக்கு வெளியே இருப்பது, செலவு குறைவு.

ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்த ஜோடி கியர் அல்லது அதன் நீடில் பேரிங். எல்லா கியரிலும் வேகத்தோடு கூடினால் கவுண்டர் ஷாஃப்ட் (இன்புட் ஷாஃப்ட்டிலிருந்து சுழற்சி வாங்கும் இணைத் தண்டு) பேரிங் அல்லது டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தருவது) பேரிங். வளைவில் ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் மாறினால் வீல் பேரிங். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்றால் வெளி ஆக்ஸில் ஜாயின்ட். கடைசி இரண்டுக்கும் பாக்ஸைக் கழற்றி ஏமாந்தவர்கள் நிறைய.

சென்னை, அம்பத்தூர்: புதுப்பேட்டை பழைய சாமான் கடையில கியர் பாக்ஸ் வாங்கப் போறேன். கடையில நின்னு என்னென்ன பார்க்கணும்?

பதில்: உங்கள் வண்டியின் பாக்ஸைக் கழற்றி அதன் படங்களோடு போங்கள். ‘எட்டுநூறு பாக்ஸ்’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்து வைப்பார்.

முதலில் எண்ணெய் வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற விடாத கடையில் வாங்க வேண்டாம். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லிசாக ஒட்டியிருப்பது சகஜம். நகத்தில் அகப்படும் செதில், துண்டு, ஊசி போன்ற உருளை இருந்தால் நகர்ந்துவிடுங்கள். எண்ணெயில் தங்கப்பொடி மினுங்கினால் பித்தளை ரிங்குகள் கரைந்திருக்கின்றன. ரிங் எப்படியும் புதிதாகப் போடுவீர்கள் என்பதால் அதை விலை குறைக்கக் காரணமாக வைத்துக்கொள்ளலாம். எண்ணெயே இல்லாமல் துடைத்து வைத்த பாக்ஸ் எதையும் சொல்லாது.

அடுத்து ஒவ்வொரு கியராகப் போட்டு இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் டக்கென்று முட்டினால் பல் உடைந்திருக்கிறது. மணல் அரைப்பது போலிருந்தால் பேரிங். இன்புட் ஷாஃப்ட்டின் முனை லேசாக ஆடுவது இயல்புதான். வண்டியில் அந்த முனையை கிராங்க் பக்கமுள்ள பைலட் பேரிங் தாங்கிப் பிடிக்கும். உள்ளே வெளியே இழுத்தால் லொடலொடப்பதுதான் கவலை.

கடைசியாகக் கேஸிங், அதாவது வெளிக்கூடு. மவுன்ட் போல்ட் காதுகள், பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் மணி வடிவப் பகுதி) விளிம்பு, ஸ்டார்ட்டர் அமரும் இடம் மூன்றையும் துணியால் துடைத்துப் பாருங்கள். விபத்து வண்டியில் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் விழும். பில் வாங்குங்கள், ‘ஓடலைன்னா மாத்தித் தர்றேன்’ என்ற வார்த்தையை அதிலேயே எழுதி வாங்குங்கள்.

வேளச்சேரி: வெள்ளத்துல நின்ன வண்டியோட பாக்ஸ் பாதி விலைக்குக் கிடைக்குது. எடுக்கலாமா?

பதில்: 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் என இரண்டு வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகள் ஏராளம். கியர் பாக்ஸுக்கு மேலே ஒரு பிரீதர் (காற்று போகும் துளை) உண்டு. தண்ணீர் அது வழியாகத்தான் இறங்கும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்தது உறுதி. எண்ணெய்க்கு மேலே நின்ற பேரிங்குகளிலும் பற்களிலும் துருப்புள்ளி விழுந்திருக்கும். துரு துடைத்தால் போகும், குழி போகாது. எல்லா பேரிங்கையும் மாற்றுவதாக இருந்து, திறந்து பார்க்கவும் விட்டால் எடுக்கலாம்: கேஸிங், ஃபோர்க் (கியரை மாற்றத் தள்ளும் கவை), டிஃபரன்ஷியல் கூடு எல்லாம் தேறும். அப்படியே மாட்டி ஓட்டுவதற்கு என்றால் வேண்டாம்.

மதுரை: என்கிட்ட ரெண்டு கெட்ட பாக்ஸ் இருக்கு. ரெண்டையும் சேர்த்து ஒண்ணு ஆக்க முடியுமா? எதைப் பழசா போடலாம், எதைப் புதுசா வாங்கணும்?

பதில்: தாராளமாக. கெட்டியான எஃகும் அலுமினியமும் பழசு போதும்; தேய்வதும், உரசுவதும், எண்ணெயைத் தடுப்பதும் புதுசு. அதாவது கியர்கள், ஷாஃப்ட்டுகள், ஃபோர்க், ரிவர்ஸ் ஐட்லர் (ரிவர்ஸுக்கான இடைக் கியர்), டிஃபரன்ஷியல், கேஸிங் பழசு. சிங்க்ரோ ரிங், எல்லா பேரிங், எல்லா ஆயில் சீல், சர்க்ளிப் (பூட்டு வளையம்), சிங்க்ரோ கீ ஸ்பிரிங் புதுசு. பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு நேராகப் பேரிங் கடைக்குப் போங்கள். பெயர் தெரியாத டப்பாவில் வரும் பேரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். அது போனால் உழைப்பு முழுவதும் மறுபடி.

கலக்கும்போது பிரிக்கக் கூடாத ஜோடிகள் உண்டு. ஒன்றோடொன்று கடித்து ஓடிய இரண்டு கியர்களும் சேர்ந்தே வர வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும், பல் முகத்தில் குழி விழும். இன்புட் ஷாஃப்ட்டில் ஃபர்ஸ்ட், செகண்ட், ரிவர்ஸ் பற்கள் ஷாஃப்ட்டோடு சேர்த்தே வெட்டியவை. அதனால் செகண்ட் கியர் பல் போனால் இன்புட் ஷாஃப்ட்டும், கவுண்டர் ஷாஃப்ட்டின் ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்களும் ஒரே பாக்ஸிலிருந்து எடுங்கள். சிங்க்ரோவின் நடுவிலுள்ள ஹப்பும் அதன் மேல் நகரும் ஸ்லீவும் ஜோடி. பிரிக்கும் முன் மார்க்கரில் கோடு போட்டு அதே திசையில் திரும்பச் சேருங்கள். டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் அதைக் கடிக்கும் கவுண்டர் ஷாஃப்ட்டும் ஜோடி. கேஸிங்கின் இரு பாதிகளும் சேர்த்துக் கடைந்தவை. இந்த பாக்ஸில் ஒரு பாதி, அந்த பாக்ஸில் ஒரு பாதி என்று பூட்டினால் பேரிங் குழிகள் நேர்க்கோட்டில் நிற்காது.

இன்னொன்று: டேப்பர் பேரிங்கோ கேஸிங்கோ மாறினால் பழைய ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) செல்லாது. புதிதாக அளந்து போட வேண்டும். ஷிம் குறைந்தால் ஷாஃப்ட் ஆடும், கூடினால் பேரிங் கொதிக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் மைக்ரோமீட்டர் வைத்திருக்கும் பட்டறையில் கொடுப்பது நல்லது.

சேலம்: ஆம்னி பாக்ஸ் 800-க்குச் சேருமா?

பதில்: சேராது. ஆம்னியில் இன்ஜின் நீளவாட்டில், இழுப்பது பின்சக்கரம். 800-இல் இன்ஜின் குறுக்கே, டிஃபரன்ஷியலும் பாக்ஸுக்குள்ளேயே.

திருச்சி: என் 800 நாலு கியர். ஆல்டோவோட அஞ்சு கியர் பாக்ஸ் போடலாம்னு நண்பர் சொல்றார். எதைப் பார்த்து முடிவு பண்றது?

பதில்: இரண்டு பாக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெல் ஹவுசிங் போல்ட் துளைகளும் டவல் பின்னும் (இடத்தில் நிறுத்தும் முளை), இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைன் எண்ணிக்கை (உங்கள் கிளட்ச் பிளேட்டை அதில் நுழைத்துப் பார்த்தால் போதும்), ஸ்டார்ட்டர் இடம், ஆக்ஸில் ஸ்ப்ளைன், மவுன்ட் காதுகள், கியர் ராட் கோர்க்கும் முனை. ஸ்பீடோமீட்டரும் தகராறு செய்யும்: பழைய வண்டிக்குக் கேபிள், புதியவற்றுக்கு சென்சார்.

மொத்த ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று வர இன்புட் ஷாஃப்ட் எத்தனை சுற்று) ஒன்றா என்று பார்க்க ஒரு வழி. இரண்டு பாக்ஸிலும் ஒரே கியரைப் போடுங்கள். ஒரு பக்க ஆக்ஸில் முனையை அசையாமல் பிடித்து, மறுபக்க முனை சரியாக இரண்டு சுற்று வரும்வரை இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணுங்கள். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் இரட்டிப்பாகச் சுழலும் என்பதால் அந்த எண்ணிக்கைதான் அந்த கியரின் மொத்த ரேஷியோ. கால் சுற்று வரை கணக்கு வையுங்கள். எண் கூடியிருந்தால் இழுவை கூடும், இன்ஜினும் கூடுதலாகச் சுற்றும்.

நாமக்கல்: வீட்டு வாசலிலேயே இறக்கலாம்னு இருக்கேன். வரிசை சொல்லுங்க.

பதில்: பேட்டரி நெகட்டிவ், கியர் ஆயில் வடிப்பது, கிளட்ச் கேபிள், ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் வயர், ஸ்டார்ட்டர், கியர் ராட் இரண்டும், பிறகு ஆக்ஸில்கள். ஆக்ஸிலை வெளிப்பக்கம் பிடித்து இழுக்காதீர்கள், உள் ஜாயின்ட் பிரிந்துவிடும். பாக்ஸை ஒட்டி நெம்புகோல் கொடுத்துத் தட்டினால் சர்க்ளிப் விடும். இன்ஜினுக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கியில் தாங்கிய பிறகுதான் மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். வண்டி ஸ்டாண்டில் நிற்கட்டும், செங்கல்லில் வேண்டாம்.

பெல் ஹவுசிங் போல்ட் எல்லாம் போனதும் பாக்ஸை இன்ஜினை விட்டுப் பக்கவாட்டில் நேராக இழுங்கள். பாதி வெளியே வந்த பாக்ஸின் எடை முழுவதும் கிளட்ச் பிளேட்டில் தொங்கினால் பிளேட் கோணும், பிறகு கிளட்ச் விடாது. மாட்டும்போதும் அதே கவனம். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு பழைய இன்புட் ஷாஃப்ட் இருந்தால் போதும். பழைய சாமான் கடையில் உடைந்த ஷாஃப்ட் ஒன்றைச் சும்மாவே தருவார்கள்.

கும்பகோணம்: பாக்ஸைப் பிரிச்சாச்சு. எந்த ரிங் போயிருக்குன்னு எப்படி அளக்கறது?

பதில்: ரிங்கை அதன் கியர் கோன் (கூம்பு வடிவ முகம்) மேல் கையால் அழுத்தி, ரிங் பல்லுக்கும் கியரின் டாக் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள், மூன்று இடத்தில். புதிதில் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், 0.5-க்குக் கீழே வந்தால் ரிங் முடிந்தது. ரிங்கை அழுத்தித் திருகினால் கோனைக் கவ்விப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய மரை தட்டையாகி வழுக்கினாலும் முடிந்தது. கியர் கோன் கண்ணாடி போல மினுங்கினால் நைஸ் எமரித் துணியால் சுற்றுவாக்கில் லேசாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

ஃபோர்க்கையும் விடாதீர்கள். ஸ்லீவ் பள்ளத்தில் ஃபோர்க் வைத்து இடைவெளி பாருங்கள். 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் கியர் முழுசாகப் பூட்டாது, ஓட்டத்தில் வெளியே குதிக்கும். மூன்று ஷிஃப்ட் ஷாஃப்ட்டுகளின் குண்டும் ஸ்பிரிங்கும் கலந்துவிடாமல் மூன்று டப்பாவில் வையுங்கள்.

கரூர்: ஃபிப்த் மட்டும் தானா நியூட்ரலுக்கு வந்துடுது அண்ணே.

பதில்: முதலில் இன்ஜின் மவுன்ட் ரப்பரையும் கியர் ராட் புஷ்ஷையும் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தீரும். இல்லையென்றால் ஃபிப்த் ஸ்லீவ், ஃபோர்க், டாக் பல். நல்ல செய்தி: ஃபிப்த் கியர் பாக்ஸின் கடைசியில் பக்க மூடிக்குள் தனியே இருக்கிறது, நடுக் கேஸிங்கைப் பிரிக்காமலே புல்லர் வைத்துக் கழற்றலாம். எண்ணெய் குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான். பழைய பாக்ஸில் மற்றதெல்லாம் நன்றாக இருந்து ஃபிப்த் மட்டும் நீலம் பூத்திருந்தால், எண்ணெய் இல்லாமல் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி: பேரிங்கைக் குழாய் வச்சு அடிச்சு ஏத்தலாமா? பிரஸ் இல்ல.

பதில்: ஷாஃப்ட்டில் ஏற்றும்போது அடி உள் வளையத்தில் மட்டும் விழ வேண்டும். அதைவிட நல்லது, பேரிங்கை எண்ணெயில் போட்டு 100 டிகிரி வரை சூடாக்குவது, தானாக இறங்கும். கேஸ் நெருப்பை நேராகக் காட்டாதீர்கள். கவுண்டர் ஷாஃப்ட்டில் கியர்களைக் கழற்ற மட்டும் பிரஸ் வேண்டும். லேத் பட்டறையில் அரைமணி வேலை.

வேலூர்: 90 நம்பர் கியர் ஆயில், ஜிஎல்-5 ஊத்தலாம்னு கடைக்காரர் சொல்றார். ஒசத்தியாமே?

பதில்: பின் ஆக்ஸிலுக்கு உயர்ந்ததுதான். சிங்க்ரோ உள்ள இந்த பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 தடிமன், ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5-இல் அதிக அழுத்தத்தைத் தாங்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பித்தளையை அரிக்கக்கூடும், ரிங் கோனைப் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். வண்டி சமதளத்தில் நிற்க, லெவல் பிளக் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். பழைய சாமான் போட்ட பாக்ஸில் முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்து, காந்தத்தைத் துடைத்துப் புதிது ஊற்றுங்கள்.

விழுப்புரம்: கேஸிங்ல சின்ன ஓட்டை. எம்-சீல் போதுமா?

பதில்: ஊர் போய்ச் சேரப் போதும். நிரந்தரமாக என்றால் பிரித்து, எண்ணெய் நீங்கக் கழுவி, ஆர்கான் வெல்டிங். பேரிங் குழிக்குப் பக்கத்தில் விரிசல் என்றால் வெல்டிங்கும் வேண்டாம், சூட்டில் குழி கோணும்; பழைய கேஸிங் ஜோடியாக வாங்குங்கள்.

புதுச்சேரி: எல்லாம் முடிச்சாச்சு. புது சீல் போட்டும் ஆக்ஸில் பக்கம் எண்ணெய் சொட்டுது.

பதில்: பிரீதர் மண் அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டும். பிரீதர் சரி என்றால் ஆக்ஸிலில் சீல் ஓடும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பழைய ஆக்ஸிலில் அங்கே வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும். புது சீலை முன்பு இருந்ததைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தால் அதன் உதடு தேயாத இடத்தில் ஓடும். கேஸிங் சேரும் கோட்டில் கசிந்தால் சீலன்ட் போட்டதில் பிழை: இரு முகத்தையும் தின்னரில் துடைத்து மெல்லிய ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உட்புறமாக இடுங்கள். தடியாகப் பூசினால் உள்ளே பிதுங்கியது பிய்ந்து எண்ணெய் வழியை அடைக்கும்.