தானம் ஒன்று, சங்கதி மூன்று

உறுப்பு தானம் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டதுதான் தாமதம், கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

உறுப்பு, திசு, ஸ்டெம் செல்... எல்லாம் தானம்தானே, எதற்கு மூன்று பெயர்?

வந்த குழப்பங்களில் பாதி இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டதால் வந்தவை, அதனால் இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். உறுப்பு என்றால் சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல், கணையம், சிறுகுடல். ரத்த ஓட்டம் நின்றால் இவை வேகமாகக் கெட்டுப்போகும். ஐஸில் வைத்த இதயத்துக்கு 4 முதல் 6 மணி நேரம்தான் கெடு, சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் சொல்லிப் போக்குவரத்தையே நிறுத்துவது இதற்காகத்தான்.

திசு என்பது கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு, தசைநார் போன்றவை. இதயம் நின்று சில மணி நேரம் ஆன பிறகும் எடுக்கலாம், வங்கியில் பத்திரப்படுத்தலாம். வால்வை உறைய வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். மூன்றாவது ஸ்டெம் செல், அதாவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்த செல்களை உருவாக்கும் தாய் செல். இதை உயிரோடு நன்றாக இருப்பவர்தான் கொடுக்கிறார், கொடுத்தது சில வாரங்களில் உடம்பிலேயே திரும்ப ஊறிவிடும்.

என் மாமா ஐ.சி.யு.வில் இருந்தபோது நெஞ்சு ஏறி இறங்கியது, கை சூடாக இருந்தது. ஆனால் மூளைச்சாவு என்றார்கள். கோமாவில் இருந்து எழுந்தவர்கள் உண்டே, ஒருவேளை நாங்கள் அவசரப்பட்டுவிட்டோமோ?

இல்லை. இந்தக் கேள்வி உங்களை எவ்வளவு நாளாக அரிக்கிறதோ தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதயத்துக்குத் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. அதற்குள்ளேயே தாளம் போடும் செல்கள் இருக்கின்றன, ஆக்ஸிஜன் கிடைக்கும்வரை அது பாட்டுக்குத் துடிக்கும். அந்த ஆக்ஸிஜனைக் கொடுத்தது வென்டிலேட்டர். நெஞ்சு ஏறி இறங்கியதும் மிஷினின் வேலை, மாமாவின் மூச்சு இல்லை.

கோமாவில் மூளைத்தண்டு, அதாவது மூச்சு போன்ற அடிப்படை வேலைகளை நடத்தும் மூளையின் அடிப்பகுதி, வேலை செய்துகொண்டிருக்கும். மூளைச்சாவில் மூளைத்தண்டும் போய்விட்டது, அது திரும்புவதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் பார்ப்பதற்கு எளிமையானவை. கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாப்பா சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் அசைகிறதா, தொண்டைக்குள் குழாய் விட்டால் இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக, ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற ஒரு மூச்சாவது தானாக எடுக்கிறாரா என்று நிமிடக்கணக்கில் காத்திருப்பார்கள். மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் அந்த அளவு கரியமில வாயு மூச்சை இழுக்க வைத்துவிடும். இதற்கெல்லாம் முன்பே, உடம்பு குளிர்ந்து போனதாலோ தூக்க மருந்தாலோ இப்படிக் கிடக்கிறாரா என்பதையும் பார்த்துத் தள்ளியிருக்க வேண்டும்.

இந்த அளவுகோல் திடீரென்று முளைத்ததும் இல்லை. 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனித இதயத்தை இன்னொருவருக்கு மாற்றினார். எது சாவு என்று திட்டமாகச் சொல்ல வேண்டிய நெருக்கடி முற்றியது. அடுத்த வருடமே ஹார்வர்டில் ஒரு குழு மூளைச்சாவுக்கான அளவுகோலை எழுதியது. பிறகு பல நாடுகள் அதைத் தங்கள் வழியில் இறுக்கிக்கொண்டன.

உறுப்பு தானத்துக்குச் சம்மதம் சொல்லும் டோனர் கார்டு இருந்தால், விபத்தில் அடிபட்டுப் போகும்போது டாக்டர்கள் என்னைக் காப்பாற்ற மெனக்கெட மாட்டார்களாமே?

நேர்மாறாக யோசித்துப் பாருங்கள். சரியாகக் கவனிக்கப்படாத நோயாளியின் இதயம் பாதி வழியிலேயே நின்றுவிடும், உறுப்புகளும் அதோடு போய்விடும். மூளைச்சாவு என்று அறிவிக்கும் நிலைவரை ஒருவர் வந்தாரென்றால், கடைசிவரை ஒரு குழு அவரைக் காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். சிகிச்சை தருபவர்கள் வேறு, உறுப்பை எடுப்பவர்கள் வேறு. சாவை உறுதி செய்கிறவர் மாற்று சிகிச்சைக் குழுவில் இருக்கக் கூடாது.

அப்புறம், கார்டு பர்ஸில் இருந்து மட்டும் பிரயோஜனம் இல்லை. பெரும்பாலான இடங்களில் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுப்பதில்லை. அந்த ராத்திரி அவர்கள் முதன்முதலாக இதைக் கேள்விப்பட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இன்று சாப்பிடும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி போட்டிருக்கிறேன், சர்க்கரை உண்டு, புரை ஆபரேஷனும் ஆகிவிட்டது. என் கண்ணை யார் வாங்குவார்கள்?

தாராளமாக வாங்குவார்கள். எடுத்துப் பொருத்துவது கருவிழியை மட்டும்தான், சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடி மாதிரியான மேல்படலம். புரை வந்தது அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸில். கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது, எனவே பெரும்பாலும் ரத்த குரூப் பொருத்தம்கூடப் பார்ப்பதில்லை. 1905-லேயே எட்வார்ட் சிர்ம் என்ற டாக்டர் இதை வெற்றிகரமாகச் செய்துவிட்டார், அதாவது சிறுநீரக மாற்றுக்கு அரை நூற்றாண்டு முன்பே! முழுக் கண்ணையும் மாற்றலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 2023-ல் நியூயார்க்கில் செய்து பார்த்தார்கள், கண் உயிரோடு இருந்தது, ஆனால் பார்வை வரவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட பார்வை நரம்பை ஒட்டுப்போட இன்னும் வழி இல்லை.

உயிர் பிரிந்ததும் வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு, தலைக்கு ஒரு தலையணை, ஃபேனை நிறுத்திவிட்டு கண் வங்கிக்கு போன். 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ், வெறிநாய்க்கடி, சில ரத்தப் புற்றுநோய்கள் இருந்தவர்களிடம் எடுக்க மாட்டார்கள்.

தம்பிக்கு ஒரு கிட்னி தரலாம் என்றிருக்கிறேன். மனைவி பயப்படுகிறாள். பழைய கிட்னிகளை எடுத்துவிட்டா வைப்பார்கள்?

கடைசியிலிருந்து வருகிறேன். பழையதைப் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள். புதியது அடிவயிற்றில் ஒரு பக்கமாக, இடுப்பு ரத்தக் குழாய்களோடு இணைக்கப்படும். ஆக உங்கள் தம்பிக்கு மொத்தம் மூன்று கிட்னி.

உங்களிடம் மீதமிருப்பது சற்றுப் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் சுமார் 70 சதவீதத்தைத் தனியாளாகச் செய்யும். அன்றாட வாழ்க்கைக்கு அது போதும். 1954-ல் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கரு இரட்டையர்கள். வாங்கியவர் 8 வருடம் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்ட் ஹெரிக், ஒற்றைக் கிட்னியோடு 56 வருடம் வாழ்ந்து 2010-ல், 79 வயதில் காலமானார்.

அதற்காக உங்கள் மனைவியின் பயம் வெட்டி பயம் என்று சொல்ல மாட்டேன். பெரிய ஆபரேஷன்தான், பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, ஆயுசு முழுக்க வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனை உண்டு, வலி மாத்திரைகளைக் கண்டபடி போட முடியாது. அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். ரத்த குரூப் பொருந்தவில்லை என்றாலும் கதை முடிவதில்லை, இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. கடைசி நிமிடத்தில் மனசு மாறினால் வெளிப்படையாக ‘முடியாது’ என்று சொல்லலாம். சொந்தங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், ‘மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை’ என்று பொதுவாகச் சொல்லி உங்களைக் காப்பாற்றும் டாக்டர்களும் உண்டு.

ஸ்டெம் செல் கொடுக்கப் பதிவு செய்யப்போகிறேன். முதுகெலும்பில் ஊசி குத்துவார்கள், கால் விளங்காமல் போகும் என்கிறார் பாட்டி.

முதுகெலும்புப் பக்கமே போக மாட்டார்கள் என்று பாட்டியிடம் சொல்லுங்கள். பதிவின்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து எடுப்பார்கள், அவ்வளவுதான். அதில் எச்.எல்.ஏ. என்ற அடையாளத்தைப் பார்ப்பார்கள், எது தன்னுடைய செல், எது அந்நியம் என்று உடம்பு கண்டுகொள்வது இதை வைத்துத்தான். அதில் பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருவதால், கூடப்பிறந்தவரோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பே நாலில் ஒன்றுதான். அதனால்தான் முகம் தெரியாதவர்களின் பதிவேடு தேவைப்படுகிறது.

உங்களைக் கூப்பிட்டால், பெரும்பாலும் ரத்தத்திலிருந்தே எடுப்பார்கள். 4, 5 நாள் ஒரு ஊசி போட்டு, மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைப்பார்கள். அந்த நாட்களில் காய்ச்சல் வந்த மாதிரி எலும்பெல்லாம் வலிக்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் மிஷினுக்குப் போய், செல்களைப் பிரித்துக்கொண்டு மறு கையில் திரும்ப ஏறும், சில மணி நேர வேலை. சிலருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையை எடுப்பார்கள்.

வாங்குபவருக்கு இதில் ஆபரேஷனே இல்லை, ரத்தம் ஏற்றுவது போல ஏற்றினால் செல்கள் தாமாகவே எலும்புக்குள் வழி தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் அவருடைய ரத்த குரூப்பே உங்களுடையதாக மாறலாம்! ஆனால் மற்ற மாற்றுகளில் வீட்டுக்காரர் விருந்தாளியைத் துரத்துவார், இங்கே ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்துகிற கதையும் நடக்கலாம். புது எதிர்ப்பு செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியம் என்று தாக்கும், அதனால்தான் பொருத்தம் பார்ப்பதில் இவ்வளவு கறார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் செல்லை ஏற்றுவதற்குச் சில நாள் முன்பே அவருடைய பழைய மஜ்ஜையைக் கீமோ கொடுத்து அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் பின்வாங்கினால் அவர் பிழைப்பது கஷ்டம். யோசிப்பதாக இருந்தால் இப்போதே யோசித்துவிடுங்கள்.

குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமிக்கலாமா?

அந்த ரத்தத்தில் ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மைதான், ஆனால் குழந்தையின் சொந்த உபயோகத்துக்கு என்றால் நான் கட்ட மாட்டேன். பிறவி மரபணு நோய் வந்தால் அதே கோளாறு அந்த ரத்தத்திலும் இருக்கும். 1988-ல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றுகூட, தங்கையுடையதை அண்ணனுக்குக் கொடுத்ததுதான். வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே அப்படி ஒரு நோய் இருந்தால் விஷயம் வேறு. பொது வங்கிக்கு தானமாகக் கொடுப்பதும் வேறு.

மாற்று இதயம் வைத்தவருக்குக் கொடுத்தவரின் குணமும் வருமா?

வராது. நரம்புகளை வெட்டித்தான் இதயத்தை எடுக்கிறார்கள், அதனால் புது இதயம் சும்மா இருக்கும்போதே சற்று வேகமாகத் துடிக்கும், படி ஏறும்போது தாமதமாகத்தான் சூடு பிடிக்கும். பசி கூடுவது, சட்டென்று கோபம் வருவது எல்லாம், புது உறுப்பை உடம்பு தாக்காமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையின் கைவரிசை. அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பல வருடம் நன்றாக ஓடிய உறுப்புகூட அதனால் போய்விடும்.

எனக்கு 72 வயது. என்னிடம் எடுக்க என்ன இருக்கிறது?

கருவிழி இருக்கிறது. கல்லீரலும் இருக்கலாம், 70 தாண்டியவர்களின் கல்லீரல் எத்தனையோ பேருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. எது ஆகும், எது ஆகாது என்பதை அன்றைக்கு டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போடுங்கள்.