தொப்பியும் முட்டைப்பந்தும்

அன்புள்ள சார்,

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் ஐடி, மனைவி இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மகனுக்குப் பதினொன்று, மகளுக்கு எட்டு. நீங்கள் சில வருடம் நியூபோர்ட்டில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன்.

பக்கத்து வீட்டில் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சுரங்கத் தொழிலாளியின் மகன், இளமையில் உள்ளூர் கிளப்புக்கு ரக்பி, அதாவது முட்டை வடிவப் பந்தாட்டம், ஆடியவர். என் மகன் அவரை 'டாட்கி' என்றுதான் கூப்பிடுவான். இந்தப் பக்கத்து வேல்ஷ் மொழியில் தாத்தாவுக்கு அதுதான் சொல். 2025 நவம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்காவிடம் வேல்ஸ் 73-0 என்று தோற்றதை அவர் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தோம். ஐம்பதைத் தாண்டியதும் அவர் பேசாமல் எழுந்துபோய் கெட்டிலில் தண்ணீர் வைத்தார். மகனோ சிவப்பு மஞ்சள் பச்சைக் கோடு போட்ட கால்பந்துத் தொப்பியோடு என் ஃபோனில் கோல்களாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் அதைக் கவனித்துவிட்டு, "அது இங்கிலீஷ்காரன் ஆட்டம்டா, நம்ம ஆட்டம் இது" என்றார். "நம்ம ஆட்டத்தில்தான் 73 வாங்கியாச்சே" என்றான் இவன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெரியவர் இவனை ரக்பி கிளப்பில் சேர்க்கச் சொல்கிறார். அங்கேயும் ஞாயிறு காலைதான் பயிற்சி, இவனுடைய கால்பந்தும் ஞாயிறு காலைதான். மனைவிக்கு ரக்பி என்றாலே பயம், தலையில் அடிபட்டவர்களைப் பார்க்கிற வேலை அவளுக்கு. மகளும் கால்பந்துக்குப் போகிறாள், அவளால் பிரச்சினை ஒன்றும் இல்லை. ரக்பி இங்கே செத்துக்கொண்டிருக்கிறதா? அந்த மனிதரிடம் நான் என்ன சொல்வது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பையன் சொன்னதில் தப்பில்லை, சொன்ன நேரம்தான் தப்பு. கெட்டில் கொதிக்கிற வரைக்குமாவது பொறுத்திருக்கலாம். நவம்பர் 18 அன்று அதே கார்டிஃபில் வேல்ஸ் கால்பந்து அணி வடக்கு மாசிடோனியாவை 7-1 என்று அடித்திருந்தது. அவன் ஃபோனில் பார்த்தது அந்த கோல்களாகத்தான் இருக்கும். பதினொரு நாளில், ஒரே ஊரில், 7-1, அப்புறம் 0-73. பதினொரு வயதுப் பையன் எந்தப் பக்கம் சாய்வான் என்று தனியாகக் கேட்க வேண்டுமா?

பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். இரண்டு ஆட்டமும் இங்கிலாந்திலிருந்து வந்தவைதான். வயதைப் பார்த்தால் கால்பந்துச் சங்கம்தான் மூத்தது. அது 1876இல் வடக்கே ரெக்ஸமில் தொடங்கியது, ரக்பி சங்கம் 1881இல் தெற்கே நீத்தில். வடக்கே இருப்பவர்களுக்கு லிவர்பூலும் மான்செஸ்டரும் எட்டும் தூரம், அதனால் அங்கே கால்பந்து வேர்விட்டது. தெற்கே நிலக்கரி. சுரங்கங்களை நம்பி எங்கெங்கிருந்தோ வந்து குவிந்த ஜனங்களுக்கு ஒரே ஊர்க்காரர்கள் என்ற நினைப்பைக் கொடுத்தவை தேவாலயம், பாட்டுக் குழு, ரக்பி கிளப். இங்கிலாந்தில் ரக்பி என்றால் வசதியான பள்ளிகளின் ஆட்டம். வேல்ஸில் கரி வெட்டுகிறவரும் டாக்டரும் ஒரே அணியில் ஆடினார்கள். 1905 டிசம்பரில் நியூசிலாந்து வந்தபோது அவர்களுடைய ஹாக்கா நடனத்துக்குப் பதிலாக வேல்ஸ் வீரர்கள் தங்கள் தேசிய கீதத்தைப் பாட ஆரம்பிக்க, கூட்டமும் சேர்ந்து பாடியது. வேல்ஸ் 3-0 என்று ஜெயித்தது. பிரிட்டனையே சுற்றி அடித்துக்கொண்டிருந்த அணி அந்தப் பயணத்தில் அங்கே தோற்றது அந்த ஒரு ஆட்டத்தில்தான். அன்றிலிருந்து அது 'நம்ம ஆட்டம்'. அந்த அளவில் பெரியவரோடு எனக்குச் சண்டை கிடையாது.

ஆனால் பிள்ளைகள் ரக்பியை விட்டுக் கால்பந்துக்கு ஓடிவிட்டார்கள் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் இருந்த நியூபோர்ட் தெருவில் பையன்கள் எப்போதும் உருண்டைப் பந்தைத்தான் உதைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே போட்டிருந்தது லிவர்பூல் சட்டையோ மான்செஸ்டர் யுனைடெட் சட்டையோ. அதே பையன்கள் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஆறு நாட்டு ரக்பிப் போட்டி வந்தால் சிவப்பு ரக்பி சட்டைக்கு மாறிவிடுவார்கள். விளையாடுவதற்குக் கால்பந்து, வேல்ஸ்காரனாக இருப்பதற்கு ரக்பி. இந்த ஏற்பாடு பல காலமாக நடந்துவந்தது. இப்போது இடம் மாறியிருப்பது அந்த இரண்டாவது பாதிதான்.

அது மாறுவதற்குச் சற்று முன்னால் நான் அங்கே இருந்தேன். 2011 செப்டம்பரில் அலுவலகத்தில் யாரோ வேண்டாம் என்று விட்ட டிக்கெட்டில் கார்டிஃபில் வேல்ஸ் - மான்டினீக்ரோ கால்பந்து ஆட்டத்துக்குப் போனேன். வந்திருந்தவர்கள் 8,000 சொச்சம். காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். அதற்கு முந்தின மாதம்தான் வேல்ஸ் உலகத் தரவரிசையில் 117ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. அடுத்த மாதம் ரக்பி உலகக் கோப்பை அரையிறுதி, ஃபிரான்ஸோடு, நியூசிலாந்தில். இங்கே காலை 9 மணி. கார்டிஃப் மிலேனியம் ஸ்டேடியத்தில் திரை வைத்து ஒளிபரப்பினார்கள். புல்தரையில் ஒருவர்கூட ஆடவில்லை, ஆனாலும் 60,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் இருபது நிமிடத்துக்குள் கேப்டன் சாம் வார்பர்ட்டனுக்குச் சிவப்பு அட்டை, கடைசியில் 9-8 என்று தோல்வி. வெளியே வரும்போது என் முன்னால் நடந்த ஒரு அப்பாவும் மகனும் ரயில் நிலையம் வரை பேசிக்கொள்ளவே இல்லை. கண்ணெதிரே நடந்த கால்பந்துக்கு 8,000, உலகத்தின் மறுகோடியில் நடந்த ரக்பிக்கு 60,000. இதையெல்லாம் சொன்னால் உங்கள் பையன் நம்ப மாட்டான்.

அப்புறம் என்ன ஆனது என்றால், ரக்பியின் கதை அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. தெற்கே சுரங்கப் பள்ளத்தாக்கு ஊர் ஒன்றின் ரக்பி கிளப்புக்கு நண்பர் ஒருவர் கூட்டிப்போயிருந்தார். ஊர் பெயர் வேண்டாம். உள்ளே ஈர மண், பீர், வறுத்த வெங்காயம் எல்லாம் கலந்த வாசனை. பாருக்கு எதிர்ச் சுவரில் அந்த ஊரிலிருந்து வேல்ஸுக்கு ஆடியவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. முதலில் மீசைக்காரர்கள், பிறகு எழுபதுகளின் நீள முடிக்காரர்கள், பிறகு தொண்ணூறுகளில் ஒருவர். அதற்குப் பிறகு ஏழெட்டு ஆணி, படம் இல்லை. "அடுத்தவனுக்காக அடித்து வைத்தோம்" என்றார் பாரில் நின்ற அம்மாள், துடைத்துக்கொண்டே.

அந்த ஆணிகளுக்குக் காரணம் என்று நான் நினைப்பது 2003. தொழில்முறை ரக்பிக்குச் சின்ன ஊர்க் கிளப்புகள் தாங்காது என்று உச்சியில் இருந்த ஒன்பது கிளப்புகளை ஐந்து வட்டார அணிகளாகச் சுருக்கினார்கள். கணக்குப்படி சரிதான், காசு அவ்வளவுதான் இருந்தது. பான்டிபிரித், பிரிட்ஜெண்ட் இரண்டையும் சேர்த்து செல்டிக் வாரியர்ஸ் என்று ஒன்றை ஆரம்பித்து, ஒரே பருவத்தில், 2004இல், இழுத்து மூடினார்கள். சுரங்கமும் போய், உச்சத்தில் தங்களுக்கென்று ஒரு அணியும் இல்லாமல் போன பள்ளத்தாக்குகள் அவை. ஊர்க் கிளப், பக்கத்து டவுன், கார்டிஃப் என்று பையன்கள் ஏறிப்போன ஏணியில் நடுப்படியை உருவிவிட்ட மாதிரி ஆயிற்று. தேசிய அணி ஜெயித்துக்கொண்டிருந்த வரை இது யாருக்கும் உறைக்கவில்லை. 2005, 2008, 2012, 2019 என்று நாலு கிராண்ட் ஸ்லாம், அதாவது சிக்ஸ் நேஷன்ஸில் எல்லா ஆட்டத்திலும் ஜெயம். மேலே வெள்ளை அடித்துக்கொண்டே இருந்தால் அடியில் கரையான் இருப்பது தெரியாது. 2023இல் சம்பள ஒப்பந்தத் தகராறில் இங்கிலாந்து ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டும் வரை போனார்கள். 2024, 2025 இரண்டு சிக்ஸ் நேஷன்ஸிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. தொடர்ந்து 18 சர்வதேச ஆட்டம் தோற்று, 2025 ஜூலையில் ஜப்பானில்தான் அது நின்றது. இப்போது இருக்கிற நாலு அணியை மூன்றாக்கப் போகிறார்களாம். அடுத்த ஆணி.

கால்பந்தில் நேர் எதிராக நடந்தது. அங்கே பிரிப்பதே கிளப்தான். கார்டிஃப் ரசிகனுக்கு ஸ்வான்சீ ஆகாது, ரெக்ஸம் தனி உலகம், பாதிப் பேருக்கு மனசு இங்கிலாந்தில். இவர்களை ஒன்றாக உட்கார வைக்க ஒரே வழி தேசிய அணிதான், அதைத்தான் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். பயிற்சியாளராக வந்த கேரி ஸ்பீட் வீரர்களுக்குத் தேசிய கீதத்தைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 2011 நவம்பரில், 42 வயதில் அவர் இறந்துபோனார். ஆனால் போட்ட விதை முளைத்தது. 1958க்குப் பிறகு ஒரு பெரிய போட்டியையும் பார்க்காத நாடு 2016 யூரோ என்ற ஐரோப்பியக் கோப்பையில் பெல்ஜியத்தை 3-1 என்று அடித்து அரையிறுதிக்குப் போனது. 2022இல் 64 வருடம் கழித்து உலகக் கோப்பை. கத்தாரில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நமக்குப் பிடிபடக்கூடிய விஷயம் ஒன்று இதில் உண்டு. அந்த உலகக் கோப்பையின் தகுதிச் சுற்று ஆட்டங்களுக்கு முன்னால் தாவித் இவான் என்ற வயதான நாட்டுப்புறப் பாடகர் மைதானத்தில் நின்று 1983இல் தான் எழுதிய பாட்டைப் பாடினார். பெயர் 'அம ஒ ஹீட்', இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று அர்த்தம். இவர் ஆங்கிலப் பெயர்ப் பலகைகளில் பெயின்ட் பூசும் இயக்கத்தில் இருந்து, அபராதம் கட்ட மறுத்து 1970இல் சிறைக்குப் போனவர். (தார்ச்சட்டி பார்த்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) அந்தப் பாட்டைக் கால்பந்துச் சங்கம் உலகக் கோப்பைப் பாடலாகவே எடுத்துக்கொண்டது. வேல்ஸ் என்ற பெயரைக்கூடக் குறைத்து, தங்கள் மொழியில் 'கம்ரி' என்றே சொல்கிறார்கள். கால்பந்து அணி வீரர் பென் டேவிஸ் வேல்ஷில் பேட்டி கொடுக்கிறார். வேல்ஷ் ஒரு பாடம், பரீட்சை என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு அது திடீரென்று கெத்தான விஷயமாகிவிட்டது. தெற்கே ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுப் பையனும் வடக்கே வேல்ஷ் பேசும் வீட்டுப் பையனும் ஒரே மாதிரித் தொப்பி போட்டுக்கொள்கிறார்கள். இதை ரக்பி வடக்குக்கு இந்த அளவு கொண்டுபோனதில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் கூட்டம் பாடுவது யாரிடம் கற்றது? 1905 ரக்பியிடம். பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

காசு ஒன்று இருக்கிறது. இலையுதிர்கால ரக்பி ஆட்டங்கள் 2025 வரை சில வருடம் சந்தா கட்டினால்தான் என்று இருந்தன, கால்பந்து அணியை எஸ்4சி என்ற வேல்ஷ் டிவியில் சும்மா பார்க்கலாம். சந்தா இல்லாத வீட்டுப் பையன் எதைப் பார்த்து வளர்வான்?

செத்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்டீர்கள். 1998இல் இதே தென்னாப்பிரிக்கா பிரிட்டோரியாவில் வேல்ஸை 96-13 என்று அடித்தது. அடுத்த ஏழு வருடத்துக்குள் கிராண்ட் ஸ்லாம். ஆகவே நான் எதற்கும் பந்தயம் கட்ட மாட்டேன். கால்பந்தும் 117இலிருந்து வந்ததுதானே, அங்கே திரும்பிப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

ஞாயிற்றுக்கிழமைத் தகராறுக்கு வருவோம். உங்கள் ஊரிலேயே விட்சர்ச் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. கால்பந்து வீரர் கேரத் பேலும் ரக்பியின் சாம் வார்பர்ட்டனும் அங்கே ஒரே வகுப்பு வருடம். வார்பர்ட்டன் பள்ளிக் கால்பந்து அணியில் பேலோடு ஆடியவர். பேலை இடது காலைத் தொடவே கூடாது, ஒரு தொடுதலுக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தித்தான் மற்றப் பிள்ளைகளோடு ஆட விட்டாராம் பி.டி. ஆசிரியர். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்டத்தில் நாட்டுக்குக் கேப்டன் ஆனார்கள். பதினொரு வயதில் யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை என்றுதான் சொல்ல வருகிறேன். மாற்றி மாற்றிப் போகட்டும், எது பிடிக்கிறதோ அவனே சொல்வான்.

உங்கள் மனைவியின் பயத்தை மட்டும் பெரியவருக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். வேல்ஸ் கேப்டனாக இருந்த ரயன் ஜோன்ஸ் 41 வயதில் தனக்கு மறதி நோய் என்று 2022இல் வெளியே சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பில் பட்டை கட்டி அதைப் பிடுங்குகிற ரக்பிதான், அதில் பயமில்லை. உங்கள் பையன் வயதில் ஆளைப் பிடித்துத் தள்ளும் டேக்கிள் வந்துவிடும். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அடிபட்டால் என்ன செய்கிறார்கள் என்று உங்கள் மனைவியே நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும். நர்ஸ் கேட்கிற கேள்விக்குப் பயிற்சியாளர் கொஞ்சம் நிமிர்ந்து நின்று பதில் சொல்வார்.

கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: "மகளும் கால்பந்துக்குப் போகிறாள், அவளால் பிரச்சினை ஒன்றும் இல்லை." வேல்ஸ் கால்பந்துச் சங்கம் 1922இல் பெண்கள் ஆடுவதையே தடை செய்தது. தடை 1970 வரை இருந்தது. பெரியவரின் அக்கா தங்கை யாருக்காவது ஆசை இருந்திருந்தாலும் வழி இருந்திருக்காது. 2025 கோடையில்தான் வேல்ஸ் பெண்கள் முதன்முதலாக ஒரு பெரிய போட்டிக்கு, ஸ்விட்சர்லாந்து யூரோவுக்குப் போனார்கள். மூன்று ஆட்டமும் தோல்வி, இங்கிலாந்திடம் 6-1. ஆனால் ஃபிரான்ஸுக்கு எதிராக ஜெஸ் ஃபிஷ்லாக் 38 வயதில் போட்ட அந்த முதல் கோல் இருக்கிறதே, அதை உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், நடித்தே காட்டுவாள். ரக்பியா கால்பந்தா என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா? டாட்கி கேட்டாரா?

அவரிடம் என்ன சொல்வது என்கிறீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் ஆடிய கிளப் இன்னும் இருந்தால் ஒரு சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவரோடு போங்கள். ஆட்டத்தைவிட அந்தச் சுவரைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் படத்தில் யார் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் கடைசி ரயில் போய்விடும், அதனால் காரிலேயே போங்கள். பையன் அந்தத் தொப்பியையே போட்டுக்கொண்டு வரட்டும். பள்ளத்தாக்கு மழைக்கு அது போதும், குடை எடுத்துப் போகாதீர்கள், காற்று மடக்கிவிடும்.