அவுட்டர் வைல்ட்ஸ் கேமின் இசைமேல் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு பைத்தியம்?

பாட்டு நன்றாக இருக்கிறது என்பது பாதிக் காரணம்தான். 2019இல் வந்த இந்த விண்வெளி கேமில் இசையே வழிகாட்டி. ஆண்ட்ரூ பிராலோ இசையமைத்தது.

உங்களுக்கு முன்னே கிளம்பிய பயணிகள் ஐந்து பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே மெட்டை வாசிக்கிறார்கள். ரீபெக் பான்ஜோ, கேப்ரோ புல்லாங்குழல், செர்ட் டிரம், ஃபெல்ட்ஸ்பார் மவுத் ஆர்கன், எஸ்கர் வெறும் விசில். கையிலிருக்கும் சிக்னல்ஸ்கோப்பை, அதாவது தொலைவிலிருந்து வரும் ஒலியைப் பிடிக்கும் கருவியை, ஒரு கோளின் பக்கம் திருப்பினால் அங்கிருப்பவரின் வாசிப்பு மட்டும் கேட்கும். சூரியக் குடும்பத்தைவிட்டு வெகுதூரம் போய்த் திரும்பி நின்று பிடித்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முழுப் பாட்டாகிவிடும். யாரும் சொல்லித்தராமல் நீங்களே கண்டுபிடிக்கும்போது, அடடா, உடம்பு சிலிர்த்துவிடும். பான்ஜோ தொட்டே பார்க்காதவர்கள்கூட இதற்காக வாங்கிப் பழகுகிறார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்புறம் ‘எண்ட் டைம்ஸ்’ என்ற அந்த இசைத்துண்டு. கேமில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வெடிப்பதற்குச் சற்று முன் இந்த இசை மெல்ல எழும். எந்தக் குகையில் இருந்தாலும் நேரம் முடிந்தது என்று புரிந்துவிடும். அதனால்தான் பரீட்சை, வேலைக் கெடு எது நெருங்கினாலும் ரசிகர்கள் இதைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். விளையாடியவருக்கு முதல் இரண்டு நொடியே போதும், கை தானாக வேகமெடுக்கும்.

விளையாடும் எண்ணம் இருந்தால் ஆல்பத்தை முன்கூட்டியே கேட்காதீர்கள். நல்ல ஹெட்போன் போட்டு கேமிலேயே கேளுங்கள்.