பைலா லூப்பின் நிஜ டெம்போ

கேள்வி: நண்பர் தந்த நான்கு பார் (தாள அளவு) நீள பைலா டிரம் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒலித்துண்டை, சொஃப்ட்வெயாரில் போட்டால் டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை அடி) 187.5 என்கிறது. காதுக்கு அவ்வளவு வேகமில்லை. எது சரி?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: காதுதான் சரி, தம்பி. இந்தத் தானியங்கிக் கணிப்புகளில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இலங்கையின் ஆட்ட இசையான பைலா 6/8 தாளம், அதாவது பாருக்கு ஆறு சிற்றடி. பாருக்கு இரண்டு பெரிய அடி, நான்கு பாருக்கு எட்டு. சொஃப்ட்வெயார் பாருக்கு மூன்றாக, மொத்தம் பன்னிரண்டாக எண்ணியிருக்கிறது. அடிகளை 60ஆல் பெருக்கி, லூப் ஓடும் செக்கன்களால் வகுங்கள். பன்னிரண்டு அடிக்கு 187.5 வந்ததால், உங்கள் லூப் 3.84 செக்கன் இருக்கும். எட்டு அடிக்கு 480; அதை 3.84ஆல் வகுத்தால் 125.

நீளத்தை அளப்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். எம்பி3 என்றால் தொடக்கத்தில் சிறு மௌனம் ஒட்டியிருக்கும். ஒலி வெட்டும் சொஃப்ட்வெயாரான ஓடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்து, முதல் கிக் (பெரிய டிரம்மின் அடி) எழும் புள்ளியிலிருந்து அடுத்த சுற்றின் கிக் விழவேண்டிய இடம் வரை மட்டும் எடுங்கள். கடைசி சிம்பலின் வாலைச் சேர்த்து அரைச் செக்கன் கூடினாலே 125 என்பது 110.6 ஆகிவிடும். அப்புறம் சீராகத் தட்டும் மெட்ரோனோமோடு சுழலவிட்டுக் கேளுங்கள். விலகினால் வெட்டு பிழை.

லூப்பை யாராவது முன்பே இழுத்தோ சுருக்கியோ இருந்தால், இந்தக் கணக்கு இப்போதைய வேகத்தைத்தான் காட்டும். அதை நண்பரிடமே கேட்டுவிடுங்கள்.